மாமன் மடியில் வந்த காய்ச்சல்

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். முதல் உலகப் போர் பாடம் முடியும்போது 1918-ஆம் வருடத்து விஷக்காய்ச்சலைப் பற்றியும் கொஞ்சம் சொல்வேன். சிப்பாய்களோடு கப்பலில் பம்பாய்க்கு வந்தது, அங்கிருந்து ரயிலேறி ஊர் ஊராகப் போனது, இந்த நாட்டில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள் என்பேன். அதற்குப் பிறகும் 1957, 1968, 2009 என்று மூன்று முறை உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. பிள்ளைகள் வருடங்களை மட்டும் குறித்துக்கொள்வார்கள். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். இவ்வளவும் தெரிந்தவள் செய்த காரியம்தான் இது.

என்னைக் கட்டிக்கொடுத்த இடம் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில். கோழிப்பண்ணைக் குடும்பம். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு. தீவன லாரியின் சக்கரம் அதில் நனையாமல் உள்ளே வர முடியாது. எந்த வாரம் எந்தத் தடுப்பூசி என்று எழுதிய அட்டை அலுவலக அறையில் தொங்கும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் மாமனார் வீட்டையே ரெண்டாக்கிவிடுவார்.

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்தபோது, ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று குழந்தை டாக்டர் சொன்னார். வீட்டில் கேட்டேன். "மொட்டை, காதுகுத்து முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றார் கணவர். நானும் சரி என்றுவிட்டேன். இரண்டாம் முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பதினோராம் மாதத்தில் குலதெய்வக் கோயிலில் விசேஷம் வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடியெடுக்க வேண்டும், காது குத்த வேண்டும். எனக்கு ஒரே அண்ணன். மேட்டூரில் வேலை. இரண்டு நாள் முன்னால் போன் செய்தான்.

"கண்ணு, காச்சலா இருக்குது. ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல வலி. தேதியைத் தள்ளி வெக்கச் சொல்றியா?"

"பத்திரிகை குடுத்தாச்சுண்ணா. மாமன் இல்லாம எப்படி? என்னைய இங்க தலைகுனிய வெச்சிராத. ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு வந்துரு."

கொஞ்ச நேரம் இருமினான். "சரி, வாரேன்" என்றான்.

முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டான். சீர்த் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுப் பண்ணையைப் பார்க்கலாம் என்று நடந்தவனை மாமனார் கேட்டிலேயே நிறுத்தினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குச் சளி புடிச்சிருக்குதாட்டம் இருக்குது. கோழி இருக்கற எடத்துக்கு வேண்டாமுங்க. ஒண்ணுக்கு வந்தா அத்தனையும் போயிருமுங்க."

"அய்யோ, பரவால்லீங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோழிக்கு ஆகாதவன் குழந்தைக்கு ஆவானா என்று அப்போது தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. வாயைத் திறந்தால் நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறாள் என்பார்கள். அரிசி ஊறப்போடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவன் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அவள் திமிறித் திமிறி அழுதாள். அவன் அவளை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு முறை இருமல் வரும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். ஆசாரி, "மாமனுங்க, ஆடாம புடிங்க, காது கோணிக்கப் போவுது" என்று அதட்டியதும் திருப்புவதை நிறுத்திவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. நாமக்கல்லில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். மாமனார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இல்லைங்க" என்றேன்.

அண்ணனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அவன் பெயர் வந்தால் என் போன் பேச்சும் வரும் என்று பயந்துதான் சொன்னேன். சாதாரணச் சளி என்று மருந்து எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு நாள் போனது. இரண்டாம் நாள் மாலை, மூச்சிழுக்கும்போது அவள் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. காரை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரும் அதையே கேட்டார். இந்த முறை, "எங்கண்ணனுக்கு இருந்துச்சுங்க, அவர் மடியிலதான் மொட்டை போட்டோம்" என்றேன். மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். இன்ஃப்ளூயன்சா, நுரையீரல் வரை இறங்கியிருக்கிறது என்றார்கள். "இதுக்குன்னு மருந்து இருக்குதும்மா. ஆரம்பத்துலயே குடுத்தாத்தான் நல்லாக் கேக்கும். மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

ஆறு நாள் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். ஆக்சிஜன் குழாய் ஒட்டிய பிளாஸ்திரி கன்னத்தைப் பாதி மறைத்திருந்தது. அந்த ஒரு கோடியில் எத்தனை பேருக்குப் பதினோரு மாதம் இருந்திருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தேடியதும் இல்லை.

பிழைத்துக்கொண்டாள். இப்போதும் சளி பிடித்தால் நெஞ்சில் விசில் சத்தம் வரும். நடு வகுப்பில் போன் அதிர்ந்தால் பாடத்தை விட்டுவிட்டு வெளியே ஓடுகிறேன்.

ஐ.சி.யூ.விலிருந்து வெளியே கொண்டுவந்த அன்று அண்ணன் பார்க்க வந்தான். வராந்தாவில் வைத்து மாமனார் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் மாப்ள, காச்சலோட வந்து பச்சப்புள்ளயத் தூக்கலாமுங்களா? படிச்சவிங்கதான நீங்க? வரலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க என்ன கோவிச்சுக்கவா போறோம்? தேதியத் தள்ளி வெச்சிருப்போமுல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட பொத்தானையே மறுபடி கழற்றிப் போட்டேன்.

"தப்புத்தானுங்க மாமா" என்றான்.

அதோடு அவன் வருவதில்லை. பொங்கல் சீரை அண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். "உங்கொண்ணன் இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருக்கறானா? நாஞ் சொன்னதுல என்ன தப்பு, அம்மணி?" என்று மாமனார் அவ்வப்போது கேட்பார். ஒன்றும் தப்பில்லைங்க மாமா என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.