மே கடைசியில் ஒரு டிரயல்

எங்கள் வீட்டில் லீவு முடியப்போகிறது என்பது பெயிண்ட் வாசனை வந்தால் தெரிந்துவிடும். மே மாசக் கடைசியில் என் வீட்டுக்காரர் உத்தமன் தன்னுடைய மெட்டாடர் வேனுக்கு மஞ்சள் அடிக்க ஆரம்பித்துவிடுவார். தொம்மலூர் பழைய ஊருக்குள் எங்கள் சந்தே ஒரு வேன் அகலம்தான். அதில் வண்டியை நிறுத்திக்கொண்டு நாள் கணக்கில் பிரஷ்ஷும் கையுமாக நிற்பார். கொடியில் துணி போட முடியாது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா மஞ்சள் பட்ட புடவையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் சண்டைக்கு வருவாள், அவரிடம் போக மாட்டாள். அவரிடம் யாரும் சண்டை போட முடியாது, சிரித்தே சமாளித்துவிடுவார். எங்கள் வீட்டில் கோபப்படுகிற வேலை முழுவதும் என் தலையில்தான்.

அவர் ஸ்கூல் வேன் டிரைவர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் ரிச்சர்ட்ஸ் டவுன் அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்ப அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார். சேர்ப்பது என்றால் கேட்டைத் திறந்து பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வருவது இல்லை. அந்த வீட்டு ஆள் வெளியே வர வேண்டும், அவர் கையில் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் வண்டி நகரும். "கையில குடுத்தாதான் என் வேலை முடியும்" என்பார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு டிரயல். பெயிண்ட் காய்ந்து, பிரேக் பார்த்து, ஆயில் மாற்றிய வண்டியில் ஊரான் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் சொந்தக் குடும்பத்தை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். "ஏதாவது ஆனா நமக்கு ஆகட்டும்" என்று சொல்லித்தான் வருஷா வருஷம் எங்களை ஊர் சுற்றக் கூட்டிப் போவார். வேறு எந்தப் புருஷனாவது பெண்டாட்டியை இப்படி ஆசையாகக் கூப்பிட்டிருப்பானா, தெரியவில்லை.

டிரயலுக்கு முதல் ஆள் அவருடைய தங்கை காந்தாதான். அப்பா அம்மா இல்லாமல் போன வீட்டில் அவளைப் படிக்க வைத்து, ராஜேஷ்குமாருக்குக் கட்டிக் கொடுத்தவர் இவர். ராஜேஷ்குமாருக்கு ஹெப்பகோடியில் கம்பெனி வேலை, வீடும் அங்கேயே. லீவின் கடைசி சனிக்கிழமை புருஷனையும் குழந்தை சிந்துவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மறுநாள் விடியும்போதே என் அடுப்படியைப் பிடித்துக்கொண்டு புளிசோறு கிளறுவாள். எல்லாருமாக பன்னர்கட்டா, நந்தி மலை, ஒன்றும் இல்லையென்றால் லால்பாக். அண்ணனும் தங்கையும் முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவார்கள். நான் பின்னால் டிபன் தூக்கைக் கவிழாமல் பிடித்துக்கொண்டு வருவேன்.

இதெல்லாம் சிந்துவின் காது குத்து வரைக்கும்தான். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். கம்மலும் மாமன் சீர். சிந்துவுக்கு மூன்று வயதில், இவருக்குத் தோதாக ஒரு சனிக்கிழமை மதியம் பார்த்து வைத்தார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்படியே வந்துவிடுகிறேன் என்றார். நான் மகன் சுனிலோடு சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே ஹெப்பகோடிக்குப் போய்விட்டேன். கம்மல் மட்டும் பத்திரமாக அவர் சட்டைப் பையில்.

வீடு நிறைய ஆட்கள். குழந்தை பட்டுப் பாவாடையில். பத்தர் ஊசியோடு காத்திருக்கிறார். மாமனைக் காணோம். ஒன்றரை மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும் என்று ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் சீர்த்தட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் தேவலை என்றிருந்தது. எமகண்டம் வந்தது, சாப்பாடு நடந்தது, ஆட்கள் கிளம்ப ஆரம்பித்த பிறகு இவர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கடைசியாக இறக்கிவிட வேண்டிய எல்கேஜி பெண்ணின் வீடு பூட்டியிருந்ததாம். அவள் அம்மா வர வெகுநேரம் ஆகிவிட்டதாம். அதுவரை அந்தப் பிள்ளையை வண்டியில் வைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருக்கிறார். வேறு வீட்டில் விட்டுவிட்டு வரத் தோன்றவில்லை.

காந்தா அத்தனை பேர் முன்னால் கேட்டாள். "ஊரான் பிள்ளைக்கு நிக்கத் தெரியுது உனக்கு. என் பிள்ளைக்கு வந்து உக்காரத் தெரியலையா?"

சீர்த்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் என் வாசலுக்கு வராதே என்றும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வளர்த்த அண்ணனை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசலாமா? அவர்கள் பக்கத்து ஆள் யாராவது மடியில் வைத்துக் குத்தியிருப்பார்கள் என்று நினைத்து நான் அந்தப் பேச்சையே விட்டேன். அவர் விடவில்லை. அந்தக் கம்மலைப் பீரோவில் வைத்து, டிரயல் அன்றைக்கு மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். 1997 டிரயலில் அப்படித்தான் ஹெப்பகோடிப் பாதையில் எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், "வண்டி நல்லாத்தான் ஓடுது, போதும்" என்று திருப்பிவிட்டார். எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்தேன்.

1998-லும் அந்த ஞாயிறு வந்தது. மறுநாள் ஸ்கூல். லால்பாக் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டேன். தொம்மலூரைத் தாண்டியதும் ரிச்மண்ட் ரோடு பக்கம் போக வேண்டிய வண்டி கோரமங்களா பக்கம் திரும்பியது.

"என்னங்க, லால்பாக்கை எப்போ இந்தப் பக்கம் மாத்தினாங்க?"

"கொஞ்சம் தூரம் ஓடணும் வனஜா. சூடு ஏறினாதான் இன்ஜின் குணம் தெரியும்."

"எனக்குச் சூடு ஏறினா என் குணமும் தெரியும். பாத்து ஓட்டுங்க."

மடிவாளா போனது, பொம்மனஹள்ளி போனது. அங்கே ஒரு தள்ளுவண்டியில் ரசபுரி மாம்பழம் வாங்கினார். நான் யாருக்கு என்று கேட்கவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி வந்ததும் போன வருஷம் மாதிரியே வண்டி ஓரம் கட்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உள்ள விடலைன்னா?" என்றார்.

காந்தா மேல் எனக்கு இருந்த கோபம் தீரவே இல்லை. ஆனால் இந்த மனுஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயப்படுகிற பிள்ளை மாதிரி அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"விடலைன்னா வாசல்ல உக்காந்து எலுமிச்சை சோறு தின்னுட்டு வருவோம். நடு ரோட்டுல நிக்கிறதுக்கு நான் வரலை. எடுங்க வண்டியை" என்றேன்.

ஹெப்பகோடியில் அவர்கள் வீட்டு வாசலிலேயே ராஜேஷ்குமார் லுங்கியோடு நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும், "வாங்க மச்சான், வாங்க வாங்க" என்று ஓடி வந்தார். காந்தா வெளியே வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சிந்து அப்பா, வந்தவங்களை உக்காரச் சொல்லுங்க. தண்ணி குடுங்க."

"மாப்ளே, உடம்பு நல்லா இருக்கான்னு கேளுங்க" என்றார் இவர்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

நடுவில் ஒரு மெல்லிசுச் சுவர். இரண்டு பேருக்கும் அடுத்தவர் பேசுவது தெளிவாகக் காதில் விழுகிறது. ராஜேஷ்குமார் பாவம், எல்லாவற்றையும் இன்னொரு தரம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

சிந்து அதற்குள் வேனில் ஏறி முன் சீட்டைப் பிடித்திருந்தாள். சுனில் அவளுக்கு ஹாரன் எது என்று காட்டிக்கொண்டிருந்தான். சிந்து ஐந்து வயதுக்கு நல்ல உயரம். தலைமுடியைக் கிராப்பு மாதிரி வெட்டியிருந்தார்கள். இறக்கிவிடலாம் என்று பக்கத்தில் போனபோதுதான் கவனித்தேன். காது மடல் வெறுமையாக இருந்தது. தொட்டே பார்த்தேன். ஓட்டையே இல்லை.

"உனக்குக் காது குத்தலையாடி கண்ணு?"

"இல்லை அத்தே. மாமா வந்தாதான் குத்துவாங்களாம். ஸ்கூல்ல சேக்கப் போனப்போ மிஸ்ஸு என்னை 'ஹுடுகனா, ஹுடுகியா'ன்னு கேட்டாங்க" என்றாள். பையனா பெண்ணா என்று கன்னடத்தில் கேட்டதை அப்படியே சொன்னாள், கொஞ்சம் ரோஷமாக.

எனக்கு அப்புறம் எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. நேராக அடுப்படிக்குள் போனேன்.

"யார் மேல கோவம் காந்தா உனக்கு? ரெண்டு வருஷமா குழந்தை காதை மூளியா வச்சிருக்கியே."

காந்தா திரும்பவில்லை. பெரிய பாத்திரத்தில் புளிசோறு கிளறிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் பத்துப் பேருக்குச் சோறு.

"இவங்க வீட்டுல எல்லாரும் சொன்னாங்க அண்ணி. இவரோட பெரியப்பா மகன் மடியில வச்சு குத்திடலாம், என்ன இப்போன்னு. அது யார் உக்கார்ற இடம்னு எனக்குத் தெரியாதா? கோவம் வேற, அது வேற." கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள். "போன வருஷமும் இதே ஞாயித்துக்கிழமை சோறு கிளறி வச்சிட்டு வண்டிச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு இருந்தேன். மிஞ்சிப்போய் தெருவுக்கெல்லாம் குடுத்தேன்."

"போன வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் வந்தார் காந்தா. அங்க நின்னுட்டு, திரும்பிட்டார்."

கரண்டி அப்படியே நின்றது.

"அவ்வளவு தூரம் வந்தவருக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் வர முடியலையா?"

கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி ஹாலுக்குப் போனாள். இன்றைக்கும் வசமாக ஒரு பாட்டு இருக்கிறது என்று நானும் பின்னாலேயே போனேன், பதிலுக்கு நான் விடுவதாக இல்லை. அண்ணன் எதிரில் போய் நின்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வண்டியை ஓரமா நிறுத்துண்ணே" என்றாள். "தண்ணி லாரி வரணும்."

அவர் சாவியைக் கையில் எடுத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கடைசியில் வண்டியை ராஜேஷ்குமார்தான் தள்ளி நிறுத்தினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவசரம் அவசரமாக. எமகண்டம் முடிந்தது, சாயங்காலம் ராகு காலம் வருவதற்குள் குத்திவிட வேண்டும் என்று காந்தா புருஷனைப் பத்தர் வீட்டுக்கு விரட்டினாள். அன்றைக்குக் குத்தாமலே ஊசியை எடுத்துக்கொண்டு போன அதே பத்தர்தான் வந்தார். அவர் வரும்போதே மழையும் வந்தது. சிந்து வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். இறங்கினால் பலகையில் உட்கார வைத்துக் குத்திவிடுவார்களாம், வேனில் என்றால் வலிக்காதாம். சரி, அவள் சொன்னபடியே ஆகட்டும் என்றாகிவிட்டது. புது பெயிண்ட் வாசனையில், முன் சீட்டில், இவர் மடியில் அவள். பத்தர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். காந்தா கதவருகில் உள்ளே சாரல் அடிக்காமல் குடையைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள்.

முதல் காதுக்கு சிந்து வீல் என்று கத்தினாள். இரண்டாவது காதுக்கு அவளைவிட இவர் அதிகம் அழுதார்.

"அண்ணே, நீ அழுதா அது பயந்துக்கும்" என்றாள் காந்தா, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பையிலிருந்து கம்மலை எடுத்துக் கொடுத்தார். மூன்று வயதுக்கு வாங்கியது, சின்னதாகத்தான் இருந்தது, இருந்தாலும் அந்தக் காதுக்கு அழகாக இருந்தது. சிந்து அழுகையை நிறுத்திவிட்டு டிரைவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மழை விடவில்லை. வேனுக்குள்ளேயே எல்லாரும் புளிசோறும் எலுமிச்சை சோறும் சாப்பிட்டோம். என்னுடையதை யாரும் அதிகம் தொடவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை. காந்தா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே இருந்தாள். ஏதோ கேட்க வருகிறாள், வாய் வரவில்லை.

"என்னம்மா?" என்றார் இவர்.

"நான் இப்போ கார்மெண்ட்ஸ்ல வேலைக்குப் போறேண்ணே. மூணு மணிக்கு விடுவாங்க, பஸ் கிடைச்சு வர்றது முன்ன பின்ன ஆகும். நாளையிலருந்து சிந்துவும் வேன்லதான் போகப் போறா. அடுத்த தெருவுல இருக்கிற ஆளோட வேன்." சிந்துவின் காதருகே ஒட்டியிருந்த முடியை மெதுவாக ஒதுக்கினாள். "நீ அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுண்ணே. நான் வர லேட் ஆனா, வீடு பூட்டியிருந்தா, குழந்தையை அப்படியே விட்டுட்டுப் போயிடக் கூடாது. நான் வர்ற வரைக்கும் நிக்கணும்னு சொல்லு."

காந்தா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபப்படுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

அவர் கையைக் கழுவினார். "கையில குடுத்தாதான் வேலை முடியும்னு சொல்றேன்மா" என்றார்.

மழை விடட்டும் என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அந்த டிரைவர் வீட்டைத் தேடிக் கிளம்பிவிட்டார். வீடு இவருக்கு எப்படித் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே காந்தாவும் இறங்கி ஓடிப்போய் அதே குடைக்குள் நுழைந்துகொண்டாள்.