வெதுவெதுப்பாக இருந்த சுவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் எங்கள் வீடு. பெரிய ஹாலை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்து, குளியலறையோடு ஒரு படுக்கையறை எடுத்திருந்தோம். அந்தத் தடுப்புச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை படிந்து, ஓரமெல்லாம் உப்பியிருந்தது.

திண்டுக்கல்லில் பிரசவமான என் மகள், ஒரு மாதக் குழந்தையோடு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்குள் கறையை மறைத்துப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. மளிகைக் கடைக்காரர் ஒரு நம்பர் கொடுத்து, "நல்லா செய்வாங்க" என்றார். என் கணவர் பேசி, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். வரப்போவது யார் என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய் வெள்ளனே பஸ்ஸில் வந்து இறங்கியவர், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். தோளில் கனமான பை. நான் அவருக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "வேலை செய்யுறவர் வரலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தாங்க்கா வேலை செய்யுறது" என்று சிரித்தார்.

கேட்டது தவறு என்று தெரிந்தது. ஆனாலும் மனதுக்குள் நம்பிக்கை வரவில்லை. என் கணவரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

அவர் பையைத் திறக்கவில்லை. முதலில் சுவர் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பிறகு உள்ளங்கையை வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கறைக்கு ஒரு சாண் தள்ளி ஓரிடத்தில் கை நின்றது.

"சொவத்துக்கு அந்தப் பக்கம் என்னக்கா இருக்கு?"

"பாத்ரூம். கீசர் இருக்கு."

"இன்னைக்கு கீசர் போட்டீங்களா?"

அரை மணி நேரத்துக்கு முன்புதான் குளித்தேன் என்றேன்.

"இந்தக் குளிருக்கு ஈரச் சொவரு சில்லுனு இருக்கணும். இங்க மட்டும் சுடுது. மொதல்ல மெயினை அணைங்க. இத அறுத்துப் பாக்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சின்ன வேலையைப் பெரிதாக்கி, கூலி நாளைக் கூட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "அறுக்கிறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? மேலே பட்டி பார்த்து வெரசா மூடிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை பிள்ளை வருது" என்றேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம மூட எனக்கு மனசு வரலைக்கா. வேற ஆள வச்சுக்கங்க" என்று சொல்லி வெளியே நடந்தார்.

போகட்டும் என்று நானும் நின்றேன். கேட் வரை போனவர் மழையிலேயே திரும்பி நின்று சொன்னார்: "சோலிய யாரு செஞ்சாலும் சரிக்கா. அந்தச் சொவத்தோரம் மட்டும் பிள்ளையப் போட்டுறாதீங்க."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. தொட்டில் வைக்க நான் ஒதுக்கியிருந்த இடமே அதுதான். வேலை போன பிறகும், முகம் தெரியாத என் பேத்திக்காகத் திரும்பி நிற்கிறாரே! ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து, நானே மெயின் சுவிட்சை அணைத்தேன்.

கத்தியால் சதுரமாக அறுத்துப் போர்டை எடுத்தார். கருகல் வாடை குப்பென்று அடித்தது. கீசருக்குப் போகும் வயரைச் சுவருக்குள்ளேயே ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப் உருகி வழிந்திருந்தது. போர்டின் பின்பக்கக் காகிதம் கருகிப்போயிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, தண்ணீர்க் குழாய் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் கசிந்து, போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் வழிந்துகொண்டிருந்தது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுல நான் கை வைக்கக் கூடாதுக்கா, கரண்டு வேலை தெரிஞ்சவங்க பாக்கணும்" என்று தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் அவரே போன் செய்து வரவழைத்தார். அன்றைக்கே வயர் மாற்றிக் குழாயும் சரிசெய்தாகிவிட்டது. ஆனால் சுவரை மூட மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. "ஈரம் காயாம மூடுனா உள்ளயே பூஞ்சை புடிச்சுரும். பச்சப் பிள்ளைக்கு ஆகாது." மகளை மறு வாரம் வரச் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வந்து புதுப் போர்டு பொருத்தினார். பட்டி பூசித் தேய்த்த பிறகு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து மேடுபள்ளம் பார்த்தார். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் இரண்டு இடத்தில் மறுபடி தேய்த்தார். டீ குடிக்கும்போது தன் கதையைச் சொன்னார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். லாட்ஜ் கட்டடங்களில் போர்டு சுமக்கும் கூலியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டாராம்.

"அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன், மன்னிச்சுருங்க" என்றேன்.

"பிள்ளை வார அவசரம் உங்களுக்கு. இதுல என்னக்கா இருக்கு?" என்று சிரித்தபடி அடுத்த மூலையைத் தேய்க்கப் போய்விட்டார்.

கையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, விரட்டியவள் வீட்டுக் குழந்தைக்காக மழையில் திரும்பி நின்றவர் அவர். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன், ஆமாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.