சாட்சி சொன்ன பிறகு திரும்பி வந்த படபடப்பு

அந்தப் படபடப்பு திரும்பி வந்தபோது நான் குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி ஓர் உதறல். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எனக்கு நன்றாகத் தெரிந்த உதறல்தான். "ஐயோ ஆண்டவரே, மறுபடியுமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

என் பெயர் எஸ்தர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். தொடை வழியாக வயர் விட்டு, இதயத்தில் தாளத்தைக் கெடுக்கும் இடத்தைச் சுடுகிற அப்லேஷன் சிகிச்சை எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகியிருந்தது. இரண்டாவது முறை முடிந்ததும் முத்தாபுதுப்பேட்டையில் உள்ள எங்கள் சபையில் மைக் பிடித்துச் சாட்சி சொன்னேன். சும்மா சொல்லவில்லை. "கர்த்தர் என்னைப் பூரணமாகக் குணமாக்கினார், இனி அந்த வியாதி என் வாசலை மிதிக்காது" என்று அடித்துச் சொன்னேன். சபையே கைதட்டியது. பாஸ்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? என் விசுவாசத்தில் குறை என்பார்களோ? அன்றைக்குச் சொன்னது பொய் என்பார்களோ? ஆண்டவருடைய பெயரை நானே கெடுத்துவிட்டேனோ? என் கணவர் அப்போது தொழிற்சாலை வேலையாக வடநாடு போயிருந்தார். மகள் ஐதராபாத்தில். இருவரிடமும் ஃபோனில் "நல்லா இருக்கேன்" என்றேன். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் மூன்றாவது முறை சுட வேண்டும் என்பார், இந்தத் தடவை மேசையிலேயே போய்விடுவேன் என்று ஒரு நினைப்பு.

படி ஏறினால் மூச்சு வாங்கியது. துணி காயப்போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதயத்தில் இரத்தம் கட்டி, பக்கவாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்டு கிடந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? "யாருக்கும் தெரியாமல் சரியாக்கிவிடும் ஆண்டவரே" என்றுதான் ஜெபித்தேன். அந்த ஜெபத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் செல்வி அக்கா வீட்டில். அக்கா பாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்; வாய் கொஞ்சம் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொன்னோம். என் முறை வந்ததும், "எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு சகோதரிக்கு இதயத் துடிப்புல பிரச்சினை. சிகிச்சை பண்ணியும் திரும்ப வந்திருக்கு. பேர் வேணாம், கூச்சப்படுறாங்க" என்றேன்.

பாஸ்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு வந்த அதே வியாதி! எஸ்தர், நீங்கதாம்மா அவங்களைப் போய்ப் பார்க்கணும். உங்க சாட்சியைச் சொன்னா அவங்களுக்குத் தைரியம் வரும்."

"நானும் வரேன்மா. எந்த ஊடு, சொல்லு. ஜெபம் முடிச்சிட்டு நேரா போலாம்" என்றார் செல்வி அக்கா. "பாவம், தனியா கீதோ இன்னாவோ."

நன்றாக மாட்டிக்கொண்டேன். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் எல்லோரும் முழங்காலில் நின்றுவிட்டார்கள். "ஆண்டவரே, அந்த மகள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆளைக் கொடும்" என்று பாஸ்டரம்மா ஜெபித்தார்கள். முகம் தெரியாத ஒருத்திக்காக அத்தனை பேரும் கண்ணீர் விட்டார்கள். எனக்கு நெஞ்சு துள்ள ஆரம்பித்தது. கண் இருட்டியது. பாயிலேயே சாய்ந்துவிட்டேன்.

"அது நான்தான்க்கா" என்றேன். "எனக்குத்தான் திரும்ப வந்திருக்கு."

ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. செல்வி அக்கா மட்டும் திட்டினார். "அடிப்பாவி! உனுக்காடி இவ்ளோ நேரம் அயுதுகினு ஜெபம் பண்ணேன்? தோ, ஆட்டோவ கூப்டறேன். வாயத் தொறக்காம என் தோளப் புடி!" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டபோது அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை. ஸ்தோத்திரம் சொல்வதும் லாரிக்காரர்களைத் திட்டுவதுமாக வந்தார்.

ஈசிஜியைப் பார்த்த டாக்டர், "திரும்ப வர்றது சகஜம்தான்மா. சுட்ட தழும்புல எங்கயாவது இடைவெளி விட்டிருக்கும். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அந்த வார்த்தைக்கு அங்கேயே தேம்பி அழுதேன். மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம், மயக்கம் கொடுத்து ஷாக் வைத்துத் தாளத்தைத் திருப்பலாம், விட்டுப்போன இடத்தை மறுபடி சுடலாம், எதற்கும் அடங்காவிட்டால் கடைசியாக பேஸ்மேக்கர் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். நான் ஒரே வழிதான் என்று மிரண்டுபோயிருந்தேன்.

ஷாக் வைக்கும் முன், இதயத்துக்குள் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே கிடந்தேன். கட்டி இல்லை! மாத்திரையை நிறுத்தாமல் போட்டதுதான் நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். ஷாக்கில் தாளம் திரும்பியது. கணவர் ஊரிலிருந்து வந்த பிறகு, யோசித்து, மூன்றாவது அப்லேஷனுக்கு நானே சம்மதித்தேன். வார்டில் சபைச் சகோதரிகள் முறை வைத்து என்னோடு இருந்தார்கள்.

மாதங்கள் ஓடிவிட்டன. துடிப்பு சீராக இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. போன மாதம் மறுபடி சபையில் மைக்கைப் பிடித்தேன். "நான் யாருக்கும் தெரியாமல் சுகம் கேட்டேன். நீங்கள் எனக்கு ஒரு துணையைக் கேட்டீர்கள். ஆண்டவர் உங்கள் ஜெபத்தைத்தான் முதலில் கேட்டார்" என்றேன். பூரணம் என்ற வார்த்தையை இந்த முறை சொல்லவில்லை.

பிரியமானவர்களே, பயம் எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு தரம் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். வியாதி திரும்பி வந்தால் ஆண்டவர் கைவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவரை நம்புங்கள், டாக்டரிடம் போங்கள், கூட இருக்கிறவர்களிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். எனக்கு மறுபடியும் வரலாம். வந்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே செல்வி அக்காவுக்கு ஃபோன் போடுவேன்.