பூவில் படிந்த வெள்ளை

எண்பதுகளில் ஒரு தை மாதம் எங்கள் ஒட்டு மாமரங்கள் முதல்முறையாகக் கொத்துக் கொத்தாகப் பூத்தன. கடலை விளைந்த நிலத்தில், மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் பிடிவாதமாக நட்ட மரங்கள் அவை. இந்த வருஷம் காய்க்காவிட்டால் வெட்டிவிட்டுப் பழையபடி கடலைதான் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

பூத்த கொஞ்ச நாளில் கொத்துகளில் வெள்ளையாக ஏதோ படிந்தது. தோப்பை ஒட்டித்தான் அரியலூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். கொடியில் காயும் புடவைகூட வெளுத்துக் கிடக்கும். பூவிலும் அந்தத் தூசிதான் என்றார்கள் எல்லோரும். எனக்கு மனசு ஒப்பவில்லை. சாலைக்கு மறைவாக இருந்த கொத்துகளிலும் ஏன் வெள்ளை? விடியலில் பனி கொட்டி, மதியம் வெயில் சுள்ளென்று அடித்தால் மறுநாள் ஏன் கூடுகிறது?

மாம்பூவுக்குச் சாம்பல் நோய் வரும், கந்தகத் தூள் தூவினால் நிற்கும் என்று ரேடியோவில் கேட்டிருந்தேன். தூள் அரியலூர் உரக்கடையில் கிடைக்கும். ஆனால் ஊகத்தைச் சொல்லி மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. அதனால் வெள்ளை படியாத ஒரு கொத்தைத் தேடி, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துச் சுற்றிக் கட்டினேன். இனி தூசி உள்ளே போகாது. தினமும் அவிழ்த்துப் பார்க்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவிழ்த்தேன். உள்ளேயும் வெள்ளை. என் சந்தோஷத்துக்கு அளவில்லை. துணியோடு வீட்டுக்காரரிடம் ஓடி, "தூசி இல்லைங்க, நோய்தான். எட்டு நாளா கட்டி வச்சுப் பாத்துட்டேன்" என்றேன்.

"எட்டு நாளா சந்தேகம் இருந்தும் சும்மாவா இருந்தே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பூ காத்திருக்காது என்பது அதுவரை என் புத்தியில் ஏறவே இல்லை.

அன்றே தூளை வாங்கிவந்தார். மறுநாள் விடியலில், பனி ஈரத்தில் ஒட்டட்டும் என்று இருவரும் தூவினோம். தாமதமாகப் பூத்த கடைசி வரிசை மட்டும் பிழைத்தது. மற்ற மரங்களின் பூ கருகிக் கொட்டிவிட்டது.

அந்த ஒரு வரிசையை விட்டுவிட்டு மீதியை மாமனார் வெட்டினார். தூசிதான் பூவைக் கருக்கியது என்று லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வெட்டினார். என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அவரும் சேர்ந்து லாரிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார்.