சாய்கோட்டுக்குப் பின்னால் பதினாறு

நேற்று குக்கருக்கு வாஷர் வாங்க ஒரு கடையின் இணையதளத்தைத் திறந்தேன். ‘உங்கள் முகவரியிலிருந்து அனுமதி இல்லை’ என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. நான் என்ன திருடவா போனேன்? எரிச்சல் அடங்குவதற்குள் கிழங்குத் திப்பியின் புளித்த வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாடை வந்தால் பூங்கொடியும் வந்துவிடுவாள்.

கள்ளக்குறிச்சியில் நான் முதலில் வேலை பார்த்த கம்பெனி ஒரு பெயிண்ட் கடை மாடியில் இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான்கு கணினி, ஒரு ஃபேன், கீழே கடையையும் மேலே எங்களையும் பார்த்துக்கொள்ளும் பாய், அவ்வளவுதான். ஜவ்வரிசி ஆலையில் மாவெடுத்த மரவள்ளிச் சக்கையை, அதுதான் திப்பி, ஏற்றிக்கொண்டு லாரி போகும்போதெல்லாம் வாடை படியேறி வரும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வராது.

ஒரு நர்சிங் கல்லூரியின் விண்ணப்பப் படிவம் எங்கள் பொறுப்பு. அதில் எவனோ ஒருவன் குப்பை குப்பையாய் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். இணையத்துக்கு வருகிற எல்லோருக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. நான் ஒன்றைத் தடுத்தால் அவன் பக்கத்து எண்ணிலிருந்து வருவான். கோபம் வந்தால் எனக்குக் கண்ணுமண்ணு தெரியாது. முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு இருபத்துநாலு என்று எழுதினால் இருநூற்றைம்பத்தாறு முகவரிகள் அடைபடும். பதினாறு என்றால் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். பதினாறு என்று எழுதினேன். “ஒழிடா!” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மதியம், உதவிக்கென்று கொடுத்திருந்த எங்கள் எண்ணுக்கு ஒரு பெண் போன் செய்தாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் வீடாம், பெயர் பூங்கொடியாம்.

“அக்கா, ஃபாரம் தொறக்க மாட்டேங்குதுக்கா. அஞ்சு மணியோட முடியுதாமே?”

என் கணினியில் பளிச்சென்று திறந்தது. “மலையில நெட்டு கம்மியா இருக்கும்மா. கீழ எறங்கி வந்து போடு” என்றேன். எவ்வளவு சுலபமாய்ச் சொல்லிவிட்டேன் பாருங்கள்!

நாலரைக்கு மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து மறுபடி கூப்பிட்டாள். “பஸ் புட்ச்சி வந்துட்டேன்க்கா. இங்கயும் அனுமதி இல்லன்னுதான் வருது.”

அனுமதி இல்லை. அது நான் எழுதிய வரி. தடுப்புப் பட்டியலைத் திறந்தேன். பார்த்தால், அவள் சிம் கார்டு கம்பெனி எங்கள் பக்கத்துக்கு ஒதுக்கிய முகவரிகள் அத்தனையும் என் பதினாறுக்குள் கிடந்தன. மலையில் அந்த ஒரு டவர்தான். திருத்தினேன். ஆனால் திருத்தியதை சர்வர் எடுத்துக்கொள்ள அரைமணி நேரம் ஆகும். அப்படி வைத்த புண்ணியவதியும் நான்தான்.

“நீ சொல்லு, நானே போடறேன்” என்றேன். பெயர், மதிப்பெண் எல்லாம் சொன்னாள். வாட்ஸ்அப்பில் சான்றிதழ் போட்டோ இரண்டு வந்தன. ஜாதிச் சான்றிதழ் மட்டும் வரவில்லை.

“சுத்திக்கினே இருக்குதுக்கா...”

ஐந்து மணி ஆனதும் படிவம் பூட்டிக்கொண்டது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

பாய் கல்லூரிக்குப் பேசிப் பார்த்தார். “லிஸ்ட்டு போயிடுச்சாம்மா. இன்னா பண்றது?” என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

லைனில் காத்திருந்த பூங்கொடியிடம் சொல்ல வாயெடுத்தேன். என் தப்பு என்று சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. “நெட்டு ப்ராப்ளம்மா” என்று வந்தது.

“வுடுங்கக்கா. மலைன்னா அப்படித்தான். நீங்க இன்னா பண்ணுவீங்க?” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! பின்னால் கடைசி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

மறுநாள் சர்வர் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவள் பேசிய அந்த மதியத்தில் தன் முகவரியிலிருந்து படிவத்தை நாற்பத்தோரு தடவை தட்டியிருந்தாள். அதைக் காட்டி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒருவழியாகத் துணிந்து கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.

இன்று அந்த மாடியில் செல்போன் கடை இருக்கிறது. மலையில் டவர்கள் வந்துவிட்டன என்கிறார்கள். அந்த நாற்பத்தோரு வரிகளும் இல்லை. முப்பது நாள் ஆன பதிவுகளை அழிக்க ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். அது மட்டும் ஒருநாளும் தவறாமல் வேலை செய்தது.