சடையன் வில்லில் ஏறிய நாண்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? என் வீட்டுக்கு மத்தியானம் இரண்டு பத்துக்கு வந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

1987 செப்டம்பர். கச்சிராயபாளையத்தில் நான் டிரில் மாஸ்டர். பழைய வில் சேர்ப்பது என் பைத்தியம். எந்த வில்லை யார் செய்தார், எந்த வருஷம், எந்த மரம் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பேன். பதினாறாம் தேதி, மலைமேல் கரியாலூர் பக்கம் பாவாயி என்ற அம்மாவிடம் பன்னிரண்டாவது வில்லை வாங்கினேன். அவள் புருஷன் சடையன் செய்தது. அவர் செத்து இரண்டு வருஷம். நுனி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்த அழகான மூங்கில் வில். பிடிக்குக் கீழே சூடு வைத்த மூன்று புள்ளி, அதுதான் சடையன் அடையாளம். நாண் மட்டும் இல்லை.

"வெச்சி பாத்துக்கினு இரு வாத்தியாரே. நாணு ஏத்தாத" என்றாள் பாவாயி.

நாண் இல்லாத வில் எனக்கு வெறும் கழி. அன்று சாயங்காலமே நீல நைலான் கயிற்றை முறுக்கி, இரண்டு முனையிலும் சுருக்குப் போட்டு ஏற்றிப் பார்த்தேன். திமிர், வேறென்ன? பிறகு கழற்றி, வில்லோடு ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஊரே கப்சிப்.

மத்தியானம் 2:10.

டங்...

நாண் சுண்டும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். வில் ஆணியில்தான் இருந்தது. ஆனால் நாண் ஏறியிருந்தது. என் நைலான் அல்ல. பழுப்பு மரநார். ஈரம். மண் ஒட்டியிருந்தது. நீலக் கயிற்றைக் காணோம்.

உள்ளே என் மகள் மணிமொழி வீறிட்டாள். ஏழு வயசு.

"அப்பா... கைய இழுக்குறாங்க!"

தொட்டேன். உடம்பு கொதித்தது.

நாரைக் கழற்றித் தெருவில் வீசினேன். பதினெட்டாம் தேதி, அதே 2:10... டங். நார் திரும்ப வில்லில். குழந்தையின் இடது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம். கம்பவுண்டர் கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் அசையவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும் இல்லை.

என் மனைவி கண்ணகி வெடித்தாள். "அந்த எழவ எங்கருந்து எட்தாந்தியோ அங்கயே குடுத்துட்டு வா! எனக்கு என் புள்ள வேணும்யா!"

பத்தொன்பதாம் தேதி விடியற்காலை 4:30-க்கு வில்லையும் நாரையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். மலையில் தள்ளிக்கொண்டே ஏறினேன். பாவாயி வீட்டை அடைந்தபோது மணி 1:25.

நாரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"நாணு ஏத்துனியா?"

"ஏத்தினேன்."

"அடப்பாவி... இது அவுரு நாணு. அறுத்து, அவுரு கையிலயே கட்டிப் பொதச்சோம்!"

அவள் மகன் செல்லன் மண்வெட்டியை எடுத்தான்.

குழிமேட்டில் புல் மூடியிருந்தது. யாரும் தோண்டிய தடமே இல்லை.

1:50... செல்லன் வெட்டினான்.

2:05...

2:10.

டங்...

மண்ணுக்கு அடியிலிருந்து.

செல்லன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். நான் எடுத்தேன். வெட்டினேன்.

எலும்பு.

நீலம்.

என் நைலான். ஒரு சுருக்கு சடையன் மணிக்கட்டில். இன்னொரு சுருக்கு காலி. ஆனால் இறுகியிருந்தது... ஒரு குழந்தையின் மணிக்கட்டு அளவுக்கு.

அறுத்தேன்.

நானும் பாவாயியும் வில்லையும் நாரையும் உள்ளேயே வைத்து மூடினோம். நான் வீடு திரும்பியபோது காய்ச்சல் விட்டிருந்தது. "ரெண்டே கால் இருக்கும், சட்டுனு வேர்த்துச்சி" என்று கண்ணகி அழுதாள். கையில் வளையமும் இல்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அடுத்த பொங்கலுக்கு மணிமொழிக்கு முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தோம். தையல்காரர் பொன்னுரங்கம் அளவெடுத்தார். மறுபடி எடுத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் இது? பாப்பாவுக்கு எடது கை ரெண்டு விரக்கட நீளமா கீது."