முத்திரை அடியை விட்டுப் பாடியவர்

மருதமலை முருகன்மேல் நான் பாடி அச்சிட்ட காவடிச்சிந்து, வாங்குவாரின்றி வீட்டில் அடுக்கிக் கிடந்தது. சந்தைகளில் பாட்டுப் புத்தகம் விற்கும் ஒருவர் அதை எடுத்துச் சென்றார். மெலிந்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். பாடும்போது இடக்காதைப் பொத்திக்கொள்வார்.

அவர் பாடுவதைக் கேட்கக் காங்கேயம் மாட்டுச் சந்தைக்குப் போனேன். ஏதோ டாக்கிப் படப்பாட்டு மெட்டில் பாடினார். கூட்டமும் சேர்ந்து பாடிற்று. ஆனால் என் பெயர் வரும் கடைசி அடி மட்டும் வரவே இல்லை.

“ஏனுங்க, முத்திரை அடியை விட்டுப்போட்டீங்களே?” என்றேன்.

“விட்டுப்போட்டுத்தானுங்க பாடோணும். பாடறவிக வேண்டுதலுக்குள்ள உங்க பேரு எதுக்குங்க?” என்று சிரித்தார்.

மனம் கசந்து திரும்பினேன்.

அடுத்த தைப்பூசத்தில் மலைப்படி ஏறுகையில் முன்னும் பின்னும் அந்தப் பாட்டே ஒலித்தது. பாடாமல் கேட்டபடியே நடந்தேன். பால்குடம் சுமந்து அருகே வந்த அம்மாள் என்னைப் பார்த்து இரங்கினார்.

“பாட்டுத் தெரியாதுங்களா? நான் சொல்லச் சொல்லப் பின்னால பாடுங்க.”

அப்படியே பாடினேன். என் பெயருக்கு முந்திய அடியில் பாட்டு நிறைவாக முடிந்தது.

அந்தப் புத்தகக்காரரைப் பிறகு நான் காணவில்லை. என் பெயரை நீக்கி அவர் செய்த உபகாரத்தை என் கையால் நானே செய்திருப்பேனா என்பது இன்றும் எனக்கு ஐயமே.